கப்பல் கடையின் புகைக்குழல்

ஒன்பது மணி முப்பத்தேழு நிமிடத்துக்கு உடைக்க வேண்டும். முப்பத்தாறுக்கும் இல்லை, முப்பத்தெட்டுக்கும் இல்லை.

நான் கட்டடத்துக்கு முன்னால் கட்டிய சாரத்தின் மேல்பலகையில் நிற்கிறேன். கையில் கொங்கிறீட் உடைக்கிற மெஷின். வளர்ந்த ஆட்டுக்குட்டி ஒன்றின் பாரம் இருக்கும். அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறேன். தாலி கட்டப்போகிற மாப்பிள்ளைகூட இவ்வளவு பாரத்தோடு காத்திருப்பதில்லை. அவருக்குப் பாரம் பிறகுதான்.

கீழே நடைபாதையில் ஒரு மேசை. அதில் வெள்ளைத் துணி, நிறைகுடம், குத்துவிளக்கு, பித்தளைத் தட்டத்தில் வெற்றிலையும் குங்குமமும். ஒரு சுவரை உடைப்பதற்கு இத்தனை மரியாதை. கட்டியபோது இதில் பாதி நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

மேசைக்குப் பக்கத்தில் ஒப்பந்தக்காரர் நேசன், போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி நின்றார். போனுக்குள் கட்டடத்தின் சொந்தக்காரர் குகன் அண்ணை. அவர் இருப்பது கனடாவில். தலையில் கம்பளித் தொப்பி, பின்னால் தலையணை.

"நேசன், கொஞ்சம் மேலை பிடியும். தவத்தைக் காட்டும். தவம், என்னடாப்பா செத்தவீட்டுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிறாய்? சிரி!"

தவம் என்பது நான்தான். சிரித்தேன்.

"இன்னும் நாலு நிமிசம்," என்றார் வாஸ்து சாஸ்திரியார், கைக்கடிகாரத்தைப் பார்த்து. அது அவருடைய நாடித்துடிப்பையும் சொல்லுகிற புதுவகைக் கடிகாரம்.

எனக்கு நேர் கீழே, கடையின் நீட்டிய கொங்கிறீட் தட்டுக்கு அடியில் ரெஜினா அக்கா இருந்தார். குருநகர்க்காரி. அந்த மூலையில் போன் கவர், சார்ஜர் வயர், றீலோட் அட்டை எல்லாம் விற்பவர். வீதியின் அந்தக் கரையில் நடப்பது எதுவும் அவர் குரலைத் தாண்டிப் போகாது.

"தம்பி தவம்! தூசி என்ரை கவருக்கு மேலை விழுந்துதோ, உன்ரை சேட்டைக் கழட்டித்தான் துடைப்பன், சொல்லிப்போட்டன்!"

அதற்கும் சிரித்தேன். கால் மாற்றி நின்றேன். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். புகைக்குழலின் அடியில், அது தட்டோடு சேருகிற இடத்தில், ஒரு வெடிப்பு. தலைமயிர் தடிப்புத்தான்.

இன்னும் குனிந்து பார்த்தேன். வெடிப்புத்தான்.

கப்பல் வந்த கதை

புகைக்குழல் என்றால் என்ன என்று பத்திரிகையில் இதைப் படிக்கிற வெளியூர் வாசகர்கள் கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன். நான் அவசரமான விஷயத்தின் நடுவில் நிறுத்திவிட்டு வேறு கதை சொல்லுகிறேன் என்று போன கிழமையும் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். என்ன செய்வது, நான் வாயால் கதைக்காமல் விட்டதெல்லாம் எழுதும்போதுதான் வருகிறது.

யாழ்ப்பாணத்தின் இந்த வீதியில், எங்கள் தகப்பன்மார் இளந்தாரிகளாக இருந்த காலத்தில், வியாபாரிகளுக்கு ஒரு தொற்று வருத்தம் பிடித்தது. நவீனம் என்று பெயர். சுருட்டும் புடவையும் விற்றுச் சேர்த்தவர்கள், கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தவர்கள், ஓட்டுக்கூரைக் கடையில் இனி இருக்கமாட்டோம் என்றார்கள். தட்டையான கூரை வேண்டும். வளைந்த மூலை வேண்டும். வெயிலை வெட்டுவதற்கு முகப்பில் வரிசையாக நிறுத்திய மெல்லிய கொங்கிறீட் பலகைகள் வேண்டும். காற்று வர ஓட்டைக்கல் சுவர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கடையின் பெயரைச் சீமெந்திலேயே புடைப்பாக, சரிந்த எழுத்தில் வைக்க வேண்டும்.

குகன் அண்ணையின் தகப்பன் எல்லோரையும் விட ஒருபடி மேலே போனார். அவர் சிங்கப்பூருக்குக் கப்பலில் போனவர். திரும்பி வந்து கப்பலையே கட்டினார். வீதி மூலையில் கட்டடம் வளைந்து திரும்புகிறது. மேலே வட்ட ஜன்னல்கள் மூன்று. வீதிப் பக்கம் நடைபாதைக்கு மேலே ஐந்தடி நீட்டிக்கொண்டு நிற்கிற ஒரு கொங்கிறீட் தட்டு, கீழே ஒரு தூண்கூட இல்லாமல், மூலையைச் சுற்றி வளைந்துபோகிறது. மூலையில் அந்தத் தட்டின் உள்பக்கத்து நுனியில் ஏறி நிற்கிறது பத்தடி உயரச் சுவர் ஒன்று. மூன்று பலகைகளை ஒட்டவைத்த மாதிரி. அதற்கு ஒரு வேலையும் இல்லை, அழகுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். புகைக்குழல் என்று பெயர் வைத்தார்கள். கடையின் உண்மையான பெயர் இன்று குகன் அண்ணைக்கே யோசித்தால்தான் வரும். ஊருக்கு அது கப்பல் கடை.

இந்தக் கப்பல் பல காலம் பார்த்தது. புகைக்குழலின் நெற்றியில் ஷெல் துண்டு பட்ட காயம் இரண்டு இன்னும் இருக்கிறது. வட்ட ஜன்னல் ஒன்றின் கண்ணாடி போய், இரும்புச் சட்டம் மட்டும் நின்றது. சனம் ஓடியது, திரும்பி வந்தது, மறுபடி ஓடியது. கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. ஷெல்லுக்குத் தப்பியது.

அலுமினியத்துக்குத்தான் தப்பவில்லை.

தகடு என்னும் நாகரிகம்

இப்போது வீதிக்கு வந்திருக்கிற வருத்தத்துக்குக் கிளாடிங் என்று பெயர். பழைய முகப்பின்மேல் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்துவது. வெள்ளி நிறம், கோப்பி நிறம், சில நகைக்கடைகளுக்கு மாம்பழ மஞ்சள். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையில் சிலிக்கோன் பசை பூச வேண்டும். அது காயும்வரை வீதி முழுக்க வினாகிரி மணக்கும். ஒரு கட்டடத்தை ஊறுகாய் போடுகிற மணம்.

அந்த வேலையைத்தான் நான் செய்கிறேன். எத்தனை முகப்பை மூடியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். வெயிலை வெட்டிய பலகைகளை மூடினேன். உள்ளே அவிந்தது. குளிரூட்டி வைத்தார்கள். ஓட்டைக்கல் சுவரை மூடினேன். உள்ளே இருண்டது. பகலிலும் லைட் போட்டார்கள். "அந்தக் காலத்து ஆக்களுக்கு என்ன தெரியும்?" என்று குளிரூட்டிக்குக் கீழே இருந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு முதலாளி என்னிடம் கேட்டார்.

ஒருநாள் கொழும்பில் இருந்து ஏழெட்டுப்பேர் வந்தார்கள். தோளில் துணிப்பை, கழுத்தில் கமரா. பழைய கட்டடங்களை நடந்து பார்க்கிறார்களாம். நான் சாரத்தில் நின்று ஒரு முகப்பில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பிள்ளை அண்ணாந்து, "ஐயா, இந்தக் கட்டடம் உங்களுக்கு என்ன உணர்வைத் தருகிறது?" என்று கேட்டாள்.

முதுகுநோ என்று சொல்ல வாய்வரை வந்தது. சிரித்தேன். என்னையும் படம் எடுத்தார்கள்.

கப்பல் கடைக்கும் கோப்பி நிறத் தகடு என்று முடிவாகியிருந்தது. நடைபாதைக்கு மேலே நீட்டிய தட்டை மட்டும் வைத்திருந்து, விளிம்பில் நீல லைட் ஓடவிடுவது. அவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் குகன் அண்ணையின் மகனுக்கு முப்பத்தாறு வயதாகியும் கலியாணம் சரிவரவில்லை. சாஸ்திரியார் வரைபடத்தைப் பார்த்தார். வடகிழக்கு மூலையில் பாரம் ஏறக்கூடாது, அது ஈசான மூலை, அங்கே இப்படி ஒரு புகைக்குழலை நட்டுவைத்திருந்தால் கனடாவில் எப்படிப் பெண் கிடைக்கும் என்றார். பொடியன் பெண் பார்க்காமல் இருப்பதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புகைக்குழலை வெட்டிவிடச் சொன்னார்கள்.

நான் படித்த பள்ளிக்கூடம்

எனக்கு ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. நான் விடவில்லை, பள்ளிக்கூடம்தான் இடம்பெயர்ந்து போனது. மிச்சத்தை நான் இடிபாட்டில் படித்தேன்.

சண்டை ஓய்ந்த பிறகு, உடைந்த கட்டடங்களை அள்ளுகிற வேலைக்குப் போனேன். இஞ்சினியர்மார் கட்டடத்தைக் கட்டிப் படிக்கிறார்கள். நாங்கள் உடைத்துப் படித்தோம். உடைத்தால்தான் கம்பி எங்கே ஓடுகிறது, எதன் பாரத்தில் எது நிற்கிறது என்று தெரியும். தூண் இல்லாமல் வெளியே நீட்டி நிற்கிற தட்டு தன் கெட்டித்தனத்தால் நிற்பதில்லை. உள்நுனியில் ஏதோ ஒன்று ஏறி அமர்ந்து அதை அமத்திக்கொண்டிருக்கும். அந்தப் பாரத்தை எடுத்தால் தட்டு மூக்குக்குப்புற விழும்.

வெடிப்பைக் கண்டால் குறுக்கே ஒரு பென்சில் கோடு கீற வேண்டும். அடுத்த நாள் கோடு அப்படியே இருந்தால் பழைய வெடிப்பு, பயமில்லை. கோடு முறிந்து விலகியிருந்தால் கட்டடம் அசைகிறது. இதையும் அங்கேதான் படித்தேன். அதனால் இன்றும் காதில் பென்சில் இருக்கும்.

செல்வம் என் கூட்டாளி. தென்மராட்சிப் பக்கம் ஒரு உடைந்த கடையில் இரண்டுபேரும் வேலை செய்தோம். அங்கேயும் இப்படி ஒரு நீட்டிய தட்டு. மேல்சுவரை முதலில் தள்ளச் சொல்லியிருந்தார்கள். முதல்நாள் நான் கீறிய கோடு காலையில் முறிந்து கிடந்தது. மேற்பார்வையாளரிடம் சொல்லப் போனேன். அவர் தொண்டு நிறுவனத்தின் வெள்ளை வாகனத்தில் வந்த ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கே போகக்கூடாது. அவர் கதைத்து முடிக்கும்வரை மரியாதையாக ஒரு பக்கத்தில் நின்றேன்.

தட்டு மரியாதை பார்க்கவில்லை, கீழே நின்ற செல்வத்தின்மேல் விழுந்தது. செல்வத்தின் இடதுகால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

செல்வம் இப்போது கோப்பாயில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் திருத்துகிறான். செயற்கைக் கால் போட்டு நன்றாக நடக்கிறான். என்னோடு வழமைபோலக் கதைக்கிறான், அதுதான் எனக்குக் கஷ்டம். ஒன்றை மட்டும் அவன் செய்யமாட்டான். எவ்வளவு மழை பெய்தாலும் கடைத் தட்டு ஒன்றின் கீழே ஒதுங்கமாட்டான். வீதியில் நின்று நனைவான்.

இரண்டு பஞ்சாங்கம்

இப்போது சாரத்துக்கு வருகிறேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

அந்தப் புகைக்குழலின் அடியை அதுவரை ஒரு ஐஸ்கிரீம் விளம்பரப் பலகை மறைத்திருந்தது. முதல்நாள்தான் கழற்றினோம். புகைக்குழல் அழகுக்கு நின்ற சுவர் இல்லை. மூலையில் வளைந்த தட்டு முழுவதையும் அமத்திக்கொண்டு நின்றது அதுதான். அதை உடைத்தால் தட்டு விழும். தட்டுக்குக் கீழே ரெஜினா அக்கா, ஒரு வாடிக்கையாளருக்கு நீலக் கவரா பச்சைக் கவரா என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

அந்த நேரம் ஒரு ஓட்டோ பிரேக் அடித்து நின்றது. குகன் அண்ணையின் தமக்கை மனோன்மணி அக்கா உடுவிலில் இருந்து வந்து இறங்கினார். கட்டடத்தில் பாதி அவருக்குச் சீதனமாக எழுதியது. அவர் கையில் ஒரு பஞ்சாங்கம்.

"ஆரைக் கேட்டு இப்ப உடைக்கிறியள்? அட்டமி இன்னும் கழியேல்லை!"

"அம்மா, எங்கடை பஞ்சாங்கத்திலை விடியவே கழிஞ்சிட்டுது," என்றார் சாஸ்திரியார்.

"உங்கடை பஞ்சாங்கத்தை ஆர் கேட்டது? எங்கடை வீட்டிலை அப்பா காலத்திலை இருந்து இதுதான்."

யாழ்ப்பாணத்தில் இரண்டு கணக்குப் பஞ்சாங்கம் உண்டு. ஒரே வானம், ஒரே சந்திரன். ஆனால் நல்ல காரியத்துக்கு ஆகாத திதியான அட்டமி எப்போது முடிகிறது என்பது நீங்கள் எந்த வீட்டில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நாங்கள் எதிலும் பிரிந்து நிற்கக்கூடியவர்கள். சந்திரனை மட்டும் விட்டுவைப்போமா?

"அக்கா, நான் இஞ்சை நித்திரை முழிச்சு இருக்கிறன்," என்றது போன்.

"முழிச்சிரு. உன்ரை பிள்ளைக்குத்தானே."

அரைமணி நேரம் இரண்டு பஞ்சாங்கத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தேடினார்கள். கடைசியில் இரண்டுக்கும் பொதுவான ஒரு நேரம் அகப்பட்டது. அடுத்தநாள் பத்து மணி பன்னிரண்டு நிமிடம். என் வாழ்க்கையில் முதல்முறையாக அட்டமிக்கு நன்றி சொன்னேன். காதில் இருந்த பென்சிலை எடுத்து, வெடிப்புக்குக் குறுக்கே ஒரு கோடு கீறிவிட்டு இறங்கினேன்.

சொல்லன்

நேசனிடம் போனேன். நேசன் என்னைவிடப் பத்து வயது இளமை. மரியாதையான பிள்ளை. 'அண்ணை' போடாமல் ஒரு வசனம் முடிக்கமாட்டார். அந்த 'அண்ணை'க்குள் எவ்வளவு இடித்தாலும் உள்ளே போகமுடியாது.

"நேசன்... அந்தப் புகைக்குழல்... தட்டுக்கு முட்டுக் குடுக்காமல்..."

"அண்ணை, நீங்கள் ஏன் அண்ணை உதுகளை யோசிக்கிறியள்? உது இஞ்சினியரிங் அண்ணை."

"முட்டுக் குடுத்திட்டு..."

"முட்டுக் குடுத்தா நடைபாதையை மறைக்கவேணும், அதுக்கு அனுமதி எடுக்கவேணும், வீடியோவிலையும் வடிவில்லை. நாளைக்குப் பத்து பன்னிரண்டு. மெஷினுக்குக் கிறீஸ் போடுங்கோ அண்ணை."

கிறீஸ் போட்டேன்.

பிறகு ரெஜினா அக்காவிடம் போனேன். அவரிடம் சொல்வது சுலபம். அவர் பாதியைத் தானே சொல்லிவிடுவார்.

"அக்கா, நாளைக்கு ஒருநாள் கடையை அங்காலை போடுறியளே?"

"ஏன்?"

"தூசி."

"தூசிக்கு நீ இவ்வளவு முழிசமாட்டாய். உண்மையைச் சொல்லன்."

சொன்னேன். செல்வத்தின் காலையும் சொன்னேன். அவர் ஒரு சார்ஜர் வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே கேட்டார். சுற்றி முடித்ததும் நிமிர்ந்தார்.

"அப்ப மேலை நிண்டு மெஷினைப் பிடிக்கிறவன் நீ. கீழை நசியிறவள் நான். உனக்கு வாய் வராதெண்டதுக்கு நான் கடையைத் தூக்கோணும்?"

"அக்கா, ஒருநாள்..."

"நான் எழும்பினா, பஸ்ஸுக்கு நிக்கிற சனம் வந்து அதிலை நிக்கும். வெயில்லை ஆர் நிப்பினம்? அவையளை ஆர் எழுப்புறது? நீயோ? நீ 'வழி விடுங்கோ' எண்டு சொல்லவே நாள் பார்க்கவேணும்."

கையில் ஒட்டியிருந்த கிறீஸை என் சேட்டில் துடைத்தேன்.

"நாளைக்கு நான் இதிலைதான் இருப்பன். அவையளிட்டைச் சொல்லு, சொல்லாட்டி உடை. மாதாவாணை, அசையமாட்டன்."

பத்து மணி பன்னிரண்டு

அடுத்தநாள் எல்லாம் முதல்நாள் போலவே. மேசை, நிறைகுடம், தட்டம், கம்பளித் தொப்பி. புதிதாக, தட்டத்தில் வெற்றிலைக்கு மேலே இரண்டு பஞ்சாங்கமும் சமாதானமாக ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன.

நான் முதலில் ஏறிப் பென்சில் கோட்டைப் பார்த்தேன். முறியவில்லை. இன்றைக்கு நல்ல கட்டடம், நாம் தொடாதவரைக்கும்.

கீழே ரெஜினா அக்கா கதிரை கொண்டுவந்து, தட்டின் நடுவுக்கு நேரே போட்டு, கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். அவர் கதிரையில் இருந்து வியாபாரம் செய்வதை அன்றைக்குத்தான் கண்டேன். அண்ணாந்து என்னைப் பார்த்தார். அவர் சும்மா இருந்ததுதான் பெரிய பயமாக இருந்தது.

நான் மெஷினைச் சாரத்தில் வைத்துவிட்டு இறங்கினேன்.

"என்ன அண்ணை? இன்னும் ஆறு நிமிசம்தான்!"

போனுக்கு முன்னால் போய் நின்றேன்.

"குகன் அண்ணை... புகைக்குழலை எடுத்தா... தட்டு விழும்."

சொல்லிவிட்டேன். இத்தனை வயதில் ஒரு முதலாளிக்கு எதிராக நான் சொன்ன முதல் வசனம். குகன் அண்ணை வாய் பிளந்தபடி, கண் பாதி மூடியபடி அசையாமல் நின்றார். அதிர்ந்துபோனார் என்று நினைத்தேன். சிக்னல் நின்றிருந்தது.

"கேக்கேல்லை, கேக்கேல்லை," என்றது போன், கொஞ்சம் கழித்து. "ஆர் கதைச்சது? தவமோ? தவம் கதைக்கிறவனே?"

"ஒண்டுமில்லை அண்ணை, தவம் அண்ணைக்குக் கொஞ்சம் களைப்பு," என்றார் நேசன்.

இரண்டாம் முறை சொல்ல என்னால் முடியாது. ஒரு வசனத்துக்கே நான்கு நாள் சேமிப்புப் போயிருந்தது. ஆனால் கை இருந்தது. கை எப்போதும் என்னைவிடத் துணிச்சல்.

மேசையில் இருந்த பித்தளைத் தட்டத்தை வெளிப்பக்கம் தள்ளினேன். பாதிக்கு மேலே மேசை விளிம்பைத் தாண்டி நின்றது. விழப்பார்த்ததும் நிறைகுடத்தைத் தூக்கி, தட்டத்தின் உள்நுனியில் வைத்தேன். நின்றது. வெளியே நீட்டிய பக்கத்தில் பஞ்சாங்கங்கள் இரண்டும். நான் தட்டத்தைக் காட்டினேன், மேலே கொங்கிறீட் தட்டைக் காட்டினேன். நிறைகுடத்தைக் காட்டினேன், புகைக்குழலைக் காட்டினேன்.

"என்ன அண்ணை செய்யிறியள்?"

நிறைகுடத்தைத் தூக்கினேன்.

தட்டம் கவிழ்ந்தது. கோயில் மணி விழுந்த மாதிரி ஒரு சத்தம். பஞ்சாங்கங்கள் இரண்டும் நடைபாதையில் முகம்குப்புற விழுந்தன. குங்குமம் முழுக்கச் சிந்தி, காற்றில் சிவப்பாக ஓடி, போன் கவர்களின்மேல் படிந்தது. நான் நிறைகுடத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"ஐயோ, சிவனே!" என்றார் மனோன்மணி அக்கா.

"என்ன சிவப்பா ஓடுது? ஆருக்கு என்ன?" என்று போன் கத்தியது. அந்த நேரம் பார்த்து சிக்னல் நன்றாக இருந்தது.

ஒருவருக்கும் கட்டடம் விளங்கவில்லை. நிறைகுடத்தை இடம் பெயர்த்தான், பஞ்சாங்கம் நிலத்தில் விழுந்தது, குங்குமம் கொட்டியது. இதுதான் விளங்கியது. நேசன் என்னை அப்போது 'அண்ணை' என்று கூப்பிடவில்லை.

சாஸ்திரியார் மட்டும் கவிழ்ந்த தட்டத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு அண்ணாந்து மேலே நீட்டி நின்ற தட்டைப் பார்த்தார். புகைக்குழலைப் பார்த்தார். பிறகு, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தட்டுக்கு அடியில் இருந்து மெதுவாக இரண்டு எட்டு வைத்து வெயிலுக்குப் போனார்.

அங்கே நின்று உரத்துச் சொன்னார்:

"தடை காட்டுது. பலத்த தடை. அந்தச் சுவர் போக விரும்பேல்லை. இனி ஒருதரும் அதிலை கை வைக்கப்படாது."

"அப்ப மகன்ரை விஷயம்?" என்றது போன்.

"தென்மேற்கிலை இன்னும் கூடப் பாரம் ஏத்தினாச் சரி. ஒரு தண்ணித் தாங்கி வையுங்கோ."

அவருக்கு விளங்கியது என்று நான் இன்றுவரை நம்புகிறேன். எனக்குத் தெரிந்ததுதான் அவருக்கும் தெரிந்தது. அதை இந்த ஊர் கேட்கிற பாஷையில் சொல்ல அவருக்குத் தெரியும். நான் அந்தப் பாஷைக்கு ஆறாம் வகுப்புக்காவது போயிருக்க வேண்டும்.

அன்றோடு அந்த வேலை எனக்கு இல்லை என்றார்கள். பஞ்சாங்கத்தை விழுத்தியவன் கை பட்ட தகடு கூடாதாம்.

ஒதுங்க ஒரு இடம்

கப்பல் கடைக்கு இப்போது கோப்பி நிறத் தகடு. தட்டின் விளிம்பில் நீல லைட் ஓடுகிறது. மூலையில் புகைக்குழல் மட்டும் பழைய சுண்ணாம்போடு, ஷெல் காயத்தோடு, தகடு படாமல் நிற்கிறது. தொட ஒருவருக்கும் தைரியம் இல்லை. பின்வளவில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி. பொடியனுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை.

கொழும்புத் துணிப்பைக்காரர்கள் மறுபடி வந்துபோனார்கள். பழமையைப் பேணுகிற விழிப்புணர்வு யாழ்ப்பாண வியாபாரிகளிடம் வளர்ந்திருப்பதற்கு இந்தப் புகைக்குழல் சாட்சி என்று எங்கோ எழுதியிருக்கிறார்களாம். ரெஜினா அக்காவின் போனில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அவர் எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குங்குமம் பட்ட கவர்களை 'ராசியான கவர்' என்று சொல்லி அந்தக் கிழமையே விற்று முடித்தவர் அவர்.

போன மாரியில் ஒருநாள் செல்வத்தின் மோட்டாருக்கு ஒரு சாமான் வாங்க இரண்டுபேரும் அந்த வீதிக்கு வந்தோம். திடீரென்று கொட்டியது. பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் தட்டுக்குக் கீழே ஓடியது. நானும் ஓடினேன். திரும்பிப் பார்த்தேன். செல்வம் வழமைபோல வீதி ஓரத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தான்.

மழைக்குள் அண்ணாந்து அவன் புகைக்குழலின் அடியைப் பார்த்தான். சாரம் இல்லாமலே, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்குக் கோடு தெரியும்.

"நீயோ கீறினது?"

"ஓம்."

"முறியேல்லை."

"இல்லை."

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தான். "இந்தமுறை சொன்னியோ?"

"சொன்னன்," என்றேன். "ஒருதருக்கும் கேக்கேல்லை."

"அது அவங்கடை காது," என்றான் செல்வம்.

ரெஜினா அக்கா பொறுமை இழந்துவிட்டார். "உள்ளை வா தம்பி, காய்ச்சல் வரப்போகுது! இதுக்கு மேலை இருந்து பஞ்சாங்கம் விழுந்தாலும் விழும், இந்தத் தட்டு விழாது!"

சனம் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டது. செல்வம் சீமெந்துப் படியில் முதலில் நல்ல காலை வைத்தான். பிறகு மற்றதையும் எடுத்து உள்ளே வைத்தான்.